450 எடுத்தால் செல்போன்: மகன் படிக்காமல் போனது யாரால்?

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் 9ஆம் வகுப்பு. 8 வரை ஊரிலேயே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன், வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருவன். இந்த ஆண்டு டவுனில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருக்கிறார்கள். கூடப் படித்த பையன்கள் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். காலாண்டில் 500க்கு 231. புத்தகத்தைத் தொடுவதில்லை, கேட்டால் பதிலும் இல்லை. சீட்டு எடுத்து பீஸ் கட்டியதை தினமும் சொல்லிப் பார்த்தாயிற்று. 450 எடுத்தால் செல்போன் என்றும் சொல்லிப் பார்த்தாயிற்று. பள்ளியில் “வீட்டுல கண்டிப்பு போதாது” என்கிறார்கள். வீட்டில் மாமியார் “அந்த ஸ்கூல் சரியில்லை, பழைய கூட்டாளிங்க போற இடத்துக்கே அனுப்பு” என்கிறார். ஆர்வத்தை உண்டாக்க வேண்டியது பெற்றோரா, ஆசிரியரா? செல்போன் ஆசை காட்டியது தப்பா? இவைதான் கேள்விகள்.

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். யார் தவறு என்று தீர்ப்புச் சொன்னால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் பக்கத்தில் நின்று கத்தாத நேரத்திலும் இவன் தானாகப் புத்தகத்தை எடுக்க என்ன வழி என்றுதான் கேட்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். நான் நீலகிரியில் 28 ஆண்டு கணக்கு ஆசிரியையாக இருந்தேன். முதலில் கூடலூர், பிறகு குன்னூர், கடைசி ஒன்பது ஆண்டு உங்கள் பக்கம். இடையில் எம்.எட்., அப்புறம் கல்வி உளவியலில் எம்.ஃபில். வைத்தியம் தெரிந்தவள் அல்ல. அது வேண்டியிருக்கும் இடம் எது என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு வளர்த்தெடுத்த கோட்பாடு ஒன்று உண்டு. சுயநிர்ணயக் கோட்பாடு என்பார்கள். உடம்புக்குச் சாப்பாடும் தூக்கமும் போல மனதுக்கும் மூன்று தேவைகள் இருக்கின்றன, அவை கிடைக்கிற இடத்தில் மனிதர்கள் தாமாக முயல்வார்கள், கிடைக்காத இடத்தில் சுருங்கிவிடுவார்கள் என்பது அதன் சாரம். இதை நானாகச் செய்கிறேன், யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை என்ற உணர்வு ஒன்று. என்னால் இது முடியும் என்ற உணர்வு இன்னொன்று. இங்கே எனக்கு ஆள் இருக்கிறது என்பது மூன்றாவது. பாடப்புத்தகத் தமிழில் தன்னாட்சி, திறனுணர்வு, உறவுணர்வு என்று எழுதுவோம். எம்.எட். பரீட்சையில் நானும் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கிக்கொண்டு மறந்துபோனேன். எனக்கு அது புரிந்தது ஒரு டஜன் ஜெல் பேனாவால்.

கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளி. பாதிப்பேர் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைகள். நூலகப் புத்தகங்கள் தலைமையாசிரியர் அறையில் இரும்பு பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அந்த பீரோவைத் திறந்துவிட்டேன். முதல் மாதம் பத்துப் பன்னிரண்டு பேர் புத்தகம் எடுத்தார்கள். ஒரு பெண் கடலாமைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றை மூன்று வாரம் திருப்பித் தராமல் வைத்திருந்தாள். கேட்டால், “இன்னும் முட்டை பொரியல டீச்சர்” என்றாள். அந்தப் பக்கத்துக்கு இன்னும் வரவில்லையாம். எனக்குப் பேராசை வந்துவிட்டது. ஐந்து புத்தகம் படித்தால் ஒரு ஜெல் பேனா என்று அறிவித்தேன். அடுத்த வெள்ளி பீரோ முன்னால் தள்ளுமுள்ளு. பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது, 16 பக்கப் படக்கதைகள் மட்டும் கை மாறிக்கொண்டிருந்தன. ஆமைக்காரியும் 16 பக்கத்துக்கு மாறியிருந்தாள். டிசம்பரோடு என் கைக்காசு தீர்ந்து பேனா நின்றது. ஜனவரியில் பீரோவைத் திறந்தேன், நான்கு பேர் வந்தார்கள். அவள் வரவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்த கதை அல்ல என்பது பிறகு தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் உடன் இருந்த இருவரும் ஒரு சோதனை செய்து 1973இல் வெளியிட்டார்கள். கலர் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளாகப் பார்த்து எடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் வரைந்து முடித்ததும் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து கலர் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, பரிசு உண்டு என்று தெரிந்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதி நேரம்தான் அதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு அந்தச் சரிவு இல்லை. அப்படியானால் பரிசுப் பொருள் மேல் குற்றம் சொல்ல முடியாது. ‘இதைச் செய்தால் அது’ என்ற பேரம்தான் பிள்ளையின் மனதில் வேலையின் இடத்தை மாற்றிவிடுகிறது.

உங்கள் செல்போனுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியுமா என்றால், முடியாது. இந்த விஷயத்தில் ஆய்வாளர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்திருக்கிறது. 1994இல் கேமரன், பியர்ஸ் என்ற இருவர் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, பரிசால் பொதுவாகக் கெடுதல் இல்லை என்றார்கள். 1999இல் டெசி தரப்பு 128 ஆய்வுகளைத் தொகுத்து, முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கிற பொருள் பரிசு உள்ளார்வத்தைக் குறைக்கத்தான் செய்கிறது என்று மறுத்தது. சண்டையில் இரு தரப்பும் ஒத்துப்போகிற இடம் ஒன்று இருக்கிறது. தொடக்கத்திலேயே ஆர்வம் இல்லாத, சலிப்பான வேலைக்குப் பரிசு கொடுப்பதால் கெடுவதற்கு எதுவும் இல்லை. உங்கள் மகனுக்கு இப்போது 9ஆம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் மேல் கெடுவதற்கு என்ன ஆசை மிச்சமிருக்கிறது? ஆகவே செல்போன் வாக்கு அவனைக் கெடுத்துவிட்டது என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் கணக்கை மட்டும் பாருங்கள். 231 எடுத்த பையனுக்கு 450 என்பது கேத்தரின் நீர்வீழ்ச்சிக்குக் கீழே நின்றுகொண்டு அண்ணாந்து பார்க்கிற மாதிரி. எட்டாத இடத்தில் தொங்கவிட்ட பரிசு அவனுக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உனக்கு இது கிடைக்காது.

இப்போது நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன வரிக்கு வருகிறேன். இங்கிலீஷ் மீடியம். எனக்கு உங்கள் கேள்வி முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. வீட்டில் படுகு மொழி, 8 வரை பள்ளியில் தமிழ், இப்போது இங்கிலீஷ். அவனுக்கு ஒளிச்சேர்க்கை தெரியும்; ஃபோட்டோசிந்தசிஸ் தெரியாது. நடுக்கோடு தெரியும், மீடியன் என்றால் விழிப்பான். தெரிந்ததையே தெரியாதவனாக உட்கார்ந்திருக்கிற அந்த நிலைமை ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதே மாதிரி தமிழ் வழியிலிருந்து மாறி வந்த பெண் ஒருத்தி, ஒரு தேர்வில் விடைத்தாளைப் பெயர் மட்டும் எழுதி வெறுமையாகக் கொடுத்தாள். சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, வினாத்தாளின் மேல் என் கையை வைத்து மறைத்துக்கொண்டு, மூன்றாவது கேள்வியைத் தமிழில் வாயால் சொன்னேன். “அதுவா டீச்சர்!” என்று இரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டாள். போட்டு முடித்துவிட்டு அழுதாள். நான் அவளை அந்த வருடம் முழுக்க ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் வைத்திருந்தேன், அதற்கென்று தனி பெஞ்ச் வேறு. பட்டியலை எழுதியது என் கைதான்.

வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருவனாக இருந்தவன் கடைசி பெஞ்சுக்கு வந்தால், அவன் முன்னால் இரண்டு வழிதான் இருக்கின்றன. முயன்று தோற்று ‘எனக்கு மூளை இல்லை’ என்று நிரூபித்துக்கொள்வது ஒன்று. முயலாமலேயே இருந்துவிட்டு ‘நான் படிக்கல, அதான் மார்க் இல்லை’ என்று கௌரவத்தோடு இருப்பது மற்றொன்று. 14 வயதுப் பையன் இரண்டாவதைத்தான் எடுப்பான். அதை நாம் சோம்பல், திமிர், செல்போன் ஆசை என்று வேறு வேறு பெயரில் கூப்பிடுகிறோம். மூன்று தேவைகளில் திறனுணர்வு இப்படிப் போயிற்று. கூட்டாளிகள் வேறு பள்ளி. காலையில் ஒரே பஸ்ஸில் ஏறினாலும் இறங்குகிற இடம் வேறு, யூனிஃபார்ம் வேறு. உறவுணர்வும் போயிற்று. பள்ளியை மாற்றும்போது அவனிடம் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளில் கேட்பதில்லை. கேட்காமல் மாற்றியிருந்தால் தன்னாட்சியும் அப்போதே போய்விட்டது.

பெற்றோர் பக்கம் பேசுவது எனக்குச் சங்கடமான வேலை, ஏனென்றால் பச்சைத் தேயிலை கிலோவுக்கு என்ன விலை போகிறது என்பதும், அந்த விலையில் ஒரு பிள்ளையை மெட்ரிக் பள்ளியில் வைப்பது எப்படிப்பட்ட காரியம் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். “சீட்டு எடுத்து பீஸ் கட்டியிருக்கேன்” என்பதை ஒருமுறை சொன்னால் அது தகவல். தினமும் சொன்னால் அது சொல்லிக்காட்டுவது. பிள்ளை அதில் கேட்பது, நீ மார்க் எடுத்தால்தான் இந்த வீட்டுக்குச் செய்த செலவுக்கு நியாயம் என்பதை. நன்றாகச் செய்தால் கொஞ்சுவது, செய்யாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று அன்பை ஏற்றி இறக்கும் வளர்ப்பைப் பற்றி இஸ்ரேலில் ஆவி அசோர் என்பவரும் சகாக்களும் 2004இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அப்படி வளர்ந்தவர்கள் சொன்னதைச் செய்யத்தான் செய்தார்கள். ஆனால் உள்ளே ஏதோ துரத்துகிற மாதிரி செய்தார்கள், முடித்த பிறகு கிடைத்த திருப்தி சீக்கிரம் கரைந்துபோனது, பெற்றோர் மேல் ஒரு மனக்கசப்பும் இருந்தது. இந்தக் கண்டுபிடிப்பை நான் நம்புவதற்குக் காரணம், ஆய்வு என்பதைவிட, ஊருக்கு வருகிற என் பழைய மாணவர்கள். கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருப்பவர்கள் கூட ‘அப்பா கடைசி வரைக்கும் சபாஷ்னு சொல்லல டீச்சர்’ என்று நாற்பது வயதில் சொல்கிறார்கள்.

பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஒரு அப்பா, மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, “இவளை என்ன வேணும்னாலும் பண்ணுங்க டீச்சர், கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க” என்றார். நம் ஊரில் இது ஆசிரியர் மேல் உள்ள மரியாதையைச் சொல்கிற பேச்சு. அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண் தரையில் கால் கட்டைவிரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு பக்கமும் தன்னைப் பற்றி ஒப்பந்தம் ஆகிவிட்டது, தன் பக்கம் யாரும் இல்லை என்பது அவளுக்குப் புரிந்துபோயிற்று. (அடிப்பதை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. பல ஆசிரியர்கள் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார்கள்.) அன்றைக்கு நான் சிரித்துச் சமாளித்தேன். “அப்பா சும்மா சொல்றார்மா” என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கலாம்.

ஆசிரியர்கள் ஏன் இப்படி ஆகிறார்கள் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. 1982இல் டெசியின் குழுவினர், சிலரை ஆசிரியராக உட்காரவைத்துப் புதிர் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், உங்கள் மாணவர் நல்ல தரத்துக்கு வரவேண்டியது உங்கள் பொறுப்பு என்று கூடுதலாக ஒரு வாக்கியம் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கே, அவர்கள் அதிகம் பேசினார்கள், அதிகம் கட்டளை போட்டார்கள், மாணவர் தானாக யோசிக்கவிடாமல் விடையைச் சொன்னார்கள். ஒரு வாக்கியத்துக்கே அப்படியென்றால், தேர்ச்சி சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டத்தில் எழுந்து நிற்கிற தலைமையாசிரியரை நினைத்துப்பாருங்கள். அவர் பள்ளிக்குத் திரும்பி வந்து எங்களைக் கேட்பார். நாங்கள் வகுப்பில் பிள்ளைகளைக் கேட்போம். தனியார் பள்ளியில் கூட்டத்துக்குப் பதில் ஃப்ளெக்ஸ் பேனர். பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது, பேனரில் பிள்ளைகளின் முகங்கள் போவது நிற்கவில்லை. மேலிருந்து இறங்குகிற அழுத்தம் மழைத்தண்ணீர் போல. சரிவில் கடைசியாக யார் நிற்கிறார்களோ அவர்கள் மேல் மொத்தமாக இறங்கும். “வீட்டில் கண்டிப்பு போதாது” என்று உங்களிடம் சொன்ன ஆசிரியரும் சரிவில் நடுவில் நிற்கிறவர்தான். அவரை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் கண்டிப்பே கூடாதா, அவன் இஷ்டத்துக்கு விட்டுவிடுவதா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். தன்னாட்சி என்றால் அவிழ்த்துவிடுவது இல்லை. 1984இல் கெஸ்ட்னர் என்பவரும் சகாக்களும் ஆறேழு வயதுக் குழந்தைகளுக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுத்து, அழுக்காக்கக் கூடாது என்ற ஒரே விதியை இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒன்று, நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும், இப்படி இப்படிச் செய்ய வேண்டும் என்ற மாதிரி. மற்றொன்று, பெயின்டைத் தெளித்து விளையாட ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் இது வேண்டுமே என்ற மாதிரி. விதி ஒன்றுதான். முதல் வகையில் குழந்தைகளின் ஆர்வமும் படத்தின் தரமும் குறைந்தன; இரண்டாம் வகையில், விதியே சொல்லப்படாத குழந்தைகளின் அளவுக்கு இருந்தன. பிள்ளைக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்வது, ஏன் செய்ய வேண்டும் என்பதற்குப் பொய்யில்லாத ஒரு காரணம் சொல்வது, செய்கிற விதத்தில் கொஞ்சம் அவன் கையில் விடுவது. இந்த மூன்றும் இருந்தால் இரவு 9 மணிக்கு டிவி கிடையாது என்ற கண்டிப்பும் அதட்டலாகத் தெரியாது. எங்கள் மலையில் அப்பா அம்மா இருவரும் விடியுமுன் கேரட் லோடுக்கோ இலை பறிக்கவோ போய்விடுகிற வீடுகளில், எந்த நேரத்துக்கு எது என்ற ஒழுங்கே இல்லாமல் தவிக்கிற பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஒழுங்கு இல்லாததும் ஒரு பசிதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு, எங்கே எனக்கு உறுதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலாவது, பெற்றோர் வளர்ப்பையும் பிள்ளையின் ஆர்வத்தையும் இணைத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கேள்வித்தாள் கொடுத்தோ பேட்டி எடுத்தோ செய்தவை. அதட்டுகிற வீட்டில் பிள்ளை படிக்கவில்லை என்று அவை காட்டும். அதட்டியதால் படிக்கவில்லையா, படிக்காததால் அதட்டினார்களா என்பதைப் பிரித்துக் காட்டுவது அவற்றுக்குக் கடினம். இரண்டும் மாறி மாறி நடக்கிறது என்பதுதான் என் அனுபவம். இரண்டாவது, இந்தச் சிந்தனை பிறந்தது அமெரிக்காவில். தானே தேர்ந்தெடுப்பதுதான் ஆர்வத்துக்கு வேர் என்பது அங்கே வளர்ந்த நம்பிக்கை. ஷீனா ஐயங்கரும் அதே லெப்பரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக்கார அமெரிக்கக் குழந்தைகள் தாங்களே தேர்ந்தெடுத்த எழுத்துப் புதிரில் நன்றாகச் செய்தார்கள். ஆசிய வம்சாவளிக் குழந்தைகளோ, இது உன் அம்மா உனக்காகத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லப்பட்ட புதிரில்தான் மிக நன்றாகச் செய்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் வீடுகள்தான் ஞாபகம் வந்தன. அம்மாவுக்காகப் படிக்கிறேன் என்று ஒரு பிள்ளை மனதாரச் சொன்னால் அதுவும் அவனுடைய படிப்புதான். அம்மாவுக்குப் பயந்து படிக்கிறேன் என்றால் இல்லை. வித்தியாசம் உறவில் இருக்கிறது. அந்த உறவு இப்போது உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும், இங்கிருந்து என்னால் பார்க்க முடியாது.

மூன்றாவதாக ஒன்று. ஆர்வம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று சொல்கிற மேடைப் பேச்சாளர்களை நம்பாதீர்கள். பள்ளிகளுக்கு மோட்டிவேஷன் பேச வருகிறவர்கள் பேசி முடித்த அன்று பிள்ளைகள் தீயாக இருப்பார்கள், பின்னத்தை வகுக்கத் தெரியாத பிள்ளைக்குத் திங்கட்கிழமையும் தெரியாது. முடியும் என்ற உணர்வு பேச்சால் வருவதில்லை. ஒரு சின்னக் காரியம் உண்மையிலேயே முடிந்தால் வரும்.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் திறனுணர்வைத்தான் பிடிப்பேன், அதுதான் சீக்கிரம் பலன் தரும். சமச்சீர்ப் பாடத்திட்டம் வந்த பிறகு, மெட்ரிக் பள்ளியானாலும் அரசுப் பள்ளியானாலும், தமிழ் வழியானாலும் இங்கிலீஷ் வழியானாலும், மாநிலப் பாடப்புத்தகம் ஒன்றுதான். பாடத்துக்குப் பாடம் அப்படியே வரும். அவன் பழைய கூட்டாளி ஒருவனிடமிருந்து 9ஆம் வகுப்பு தமிழ் வழி அறிவியல், கணக்குப் புத்தகங்களை வாங்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இணையத்திலேயே இலவசமாக இறக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பாடத்தைத் தமிழில் படித்துவிட்டு அதே பக்கத்தை இங்கிலீஷில் படிக்கட்டும். புதிய வார்த்தைகளை ஒரு குயர் நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிக்கொள்ளட்டும். எந்தப் பாடத்தில் தொடங்குவது என்பதை அவன் சொல்லட்டும். அவன் எதைச் சொன்னாலும் ‘கணக்குல இருந்து ஆரம்பியேன்’ என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். என் வகுப்பில் இப்படி நோட்டுப் போட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஒரு அரையாண்டுக்குள் பயம் விட்டது. எல்லோருக்கும் இல்லை.

பள்ளிக்குப் போகும்போது ‘இவன் எப்படிப் படிக்கிறான்’ என்று கேட்காதீர்கள், அதற்கு வருகிற பதில் உங்களுக்குத் தெரிந்ததுதான். அறிவியல் ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, ‘8 வரை தமிழ் மீடியம் சார், இந்த வருஷம் விடைக்கு நடுவுல தெரியாத வார்த்தையைத் தமிழ்ல எழுதினா ஒரு சின்ன டெஸ்ட்ல மட்டும் ஏத்துக்குவீங்களா?’ என்று கேளுங்கள். எந்த ஆசிரியருக்கும் ‘பாத்துக்கங்க சார்’ என்று பொதுவாகச் சொல்வதைவிடச் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொன்னால் பிடிக்கும். நான் ஆசிரியையாக இருந்தபோது ஒரு பெற்றோர்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் செய்திருப்பேன்.

செல்போன் வாக்கை என்ன செய்வது? சொன்னதை இல்லையென்று ஆக்கவேண்டாம், பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள். ‘450ன்னு நான் யோசிக்காம சொல்லிட்டேன், அது சரியில்ல’ என்று நேராகச் சொல்லுங்கள். செல்போனை மார்க்கிலிருந்து பிரித்துவிடுங்கள். வீட்டுக்கு ஒரு போன் தேவையா, பீஸ் கட்டிய பிறகு வாங்க முடியுமா, எந்த நேரத்தில் யார் கையில் இருக்கும் என்பதெல்லாம் வீட்டு நிதி விஷயம். அதை அவனையும் வைத்துப் பேசலாம். ஒருவேளை அவன் போன் கேட்பதே பழைய கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குரூப்புக்காக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெண் எவ்வளவு எடுத்தாள் என்ற பேச்சையும், சீட்டுப் பேச்சையும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். ஒரு மாதம் போதும், வித்தியாசம் உங்களுக்கே தெரியும். அல்லது தெரியாது, தெரியாவிட்டால் நான் சொன்னதில் ஏதோ உங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

வைத்தியம் வேண்டிய இடம் என்று சொன்னேனே, அது இது. தமிழிலேயே எழுத்துக்கூட்ட சின்ன வயதிலிருந்து சிரமப்பட்டவனா? முன்பு ஆசையாகப் போன கிரிக்கெட்டுக்கும் இப்போது போவதில்லையா? தூக்கம், சாப்பாடு மாறிவிட்டதா? இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஏதாவது சொன்னானா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் என் பதிலை மூடிவைத்துவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். ‘கேட்டால் பதிலும் இல்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

மாமியார் சொல்வது பற்றி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பழைய கூட்டாளிகள் என்ற இடத்தைச் சரியாகத் தொட்டிருக்கிறார். அடுத்த வருடம் 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு; மாற்றுவதானால் 9 முடிந்ததும் மாற்றுவது நல்லது, பாதியில் வேண்டாம். மாற்றாமல் இருப்பதற்கும் காரணங்கள் உண்டு. 9இல் தட்டுத் தடுமாறி 11இல் இங்கிலீஷ் மீடியத்தில் நிமிர்ந்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். எது சரி என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் நீங்களும் மாமியாரும் அடுப்படியில் உட்கார்ந்து இதைப் பேசும்போது அவன் உள் அறையில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கூப்பிட்டு உட்காரவைத்து, அவன் கையிலும் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்துவிட்டு, முதலில் அவனைப் பேசவிடுங்கள்.